ஒன்பதாம் வகுப்புக்குக் கைத்தையல்: நாற்பது பிள்ளைகள், ஒரு பீரியட், ஆறு தையல்

எம்பிராய்டரி வகுப்பில் முதல் நாளே பூவும் இலையும் போடவிட்டால், மூன்றாவது வாரம் பாதி வகுப்பு துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடும். பூ கோணலாக வருவதற்குத் தையல் தெரியாதது மட்டும் காரணமில்லை. நூல் நீளமாக இருந்திருக்கும், துணியை இறுக்கிப் பிடிக்கும் வளையமான ஃபிரேம் தளர்ந்திருக்கும், துணியில் கஞ்சி இருந்திருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டுத் தையலைத் தொட்டால், கை வராத பிள்ளை என்று வகுப்பில் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

துணிக்குக் காடா அல்லது கேஸ்மென்ட் போதும். வெள்ளை அல்லது வெளிர் நிறமாக இருக்கட்டும். ஜார்ஜெட், சாட்டின், பாலியெஸ்டர் கலந்த துணி எதுவும் வேண்டாம். ஃபிரேமில் வழுக்கும், பிரித்துப் போட்டால் ஊசித் துளை அப்படியே நிற்கும். ஆளுக்கு 30 செ.மீ. சதுரம். 90 செ.மீ. அகலத் துணியில் ஒரு வரிசைக்கு மூன்று துண்டு கிடைக்கும். 40 பேருக்கு 14 வரிசை, அதாவது 4.2 மீட்டர். சுருங்குவதற்கும் சேர்த்து 4.5 மீட்டராக வாங்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, காய்ந்ததும் இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகு வெட்டுங்கள். துண்டு 30-க்குப் பதில் 29 ஆக வந்தாலும் குறையொன்றும் இல்லை. நனைக்காமல் வெட்டினால் வேலை முடிந்து துவைக்கும் அன்று துணி சுருங்கும், நூல் சுருங்காது. தையலைச் சுற்றித் துணி குமிழ் குமிழாக எழும். வெட்டும்போது ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவி எடுத்தால் நேர்கோடு தெரியும், அதன்மேல் கத்தரிக்கோலை ஓட்டலாம்.

ஆங்கர் பிராண்ட் எம்பிராய்டரி நூல் ஒரு கட்டு 8 மீட்டர், அதில் ஆறு இழை. பாடத்துக்கு மூன்று இழை போதும். 45 செ.மீ. நீளமாக வெட்டினால் 17 துண்டு வரும். ஒவ்வொன்றையும் மும்மூன்று இழையாகப் பிரித்தால் ஒரு கட்டிலிருந்து 34 பேருக்கு ஆளுக்கொரு நீளம். ஒரு பயிற்சிக்கு இரண்டு கட்டு எடுத்து வைத்தால் 40 பேருக்கும் கொடுத்து, சிக்கலாக்கிக் கொண்டு வருபவர்களுக்கும் கொடுக்கலாம். சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் வாங்கியவுடன் ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

ஊசி, காது நீண்ட எம்பிராய்டரி ஊசியாக, 7 அல்லது 8 நம்பர். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும் என்பதைக் கடையிலேயே நினைவில் வையுங்கள். 10 வாங்கிவந்தால் மூன்று இழை கோப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும். ஃபிரேம் 6 அங்குலம், மரத்தில், திருகு உள்ளது. உள்வளையத்தைப் பருத்தி நாடாவால் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி சுற்றித் தைத்துவிட்டால் துணி நழுவாது. ஆளுக்கொரு ஃபிரேம் வாங்க நிதி இல்லையென்றால் இருவருக்கு ஒன்று கொடுக்கலாம். ஒருவர் ஃபிரேமில் போடும்போது மற்றவர் விளிம்பு மடிக்கட்டும்.

ஊசிக் கணக்கு

கெட்டி அட்டையில் ஃபிளானல் துணி ஒட்டி, 1 முதல் 40 வரை எண் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், அந்த எண்ணில் அவருடைய ஊசி. மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே ஊசிகள் அட்டைக்குத் திரும்ப வேண்டும். ஒரு இடம் காலியாக இருந்தால் பெஞ்சை விட்டு யாரும் எழக்கூடாது. தரையில் தேட ஒரு காந்தம் போதும். ஊசியைச் சீருடையில் குத்திவைப்பதும் பல்லில் கடிப்பதும் முதல் நாளே தடை. ஸ்பாஞ்சில் ஊசி குத்திவைக்க வேண்டாம், ஈரம் பிடித்துத் துருவேறும். ஒருவர் விரலில் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. துணியில் ரத்தம் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரும் சோப்பும். வெந்நீர் பட்டால் கறை போகாமல் நிலைத்துவிடும்.

கடைசி பெஞ்சுக்கும் தெரிய

6 அங்குல ஃபிரேமைத் தூக்கிக் காட்டினால் முதல் வரிசைக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சாக்கைப் பழைய ஸ்லேட்டுச் சட்டத்திலோ போட்டோ ஃபிரேமிலோ இழுத்துக் கட்டி, கோணி ஊசியில் கம்பளி நூலைக் கோத்துப் போட்டுக் காட்டுங்கள். தையல் ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் இருக்கட்டும். ஒரு தையலைச் சிவப்பிலும் அடுத்ததைப் பச்சையிலும் போட்டால், எது எதன்மேல் ஏறுகிறது என்பது கேட்காமலே விளங்கும். போட்டு முடித்ததும் சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டத் தவறாதீர்கள். பின்பக்கத்தில் நூல் போகும் வழி புரிந்த பிள்ளைக்கு மறுமுறை சொல்லித்தர வேண்டியிருக்காது.

இடதுகைப் பிள்ளைகளை உங்கள் பக்கத்தில் உட்கார வைக்காமல் எதிரில் உட்கார வையுங்கள். நீங்கள் செய்வது அவர்களுக்குக் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும், அதையே அப்படியே செய்யலாம். கையை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது அநாவசியம்.

கைக்கு வரவேண்டிய நாலு பழக்கம்

நூல் நீளம், விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அதற்கு மேல் வைத்தால் ஒவ்வொரு முறை துணிக்குள் போய்வரும்போதும் உராய்ந்து பஞ்சு கிளம்பும், முடிச்சு விழும். அடிக்கடி கோக்க அலுத்துக்கொண்டு பிள்ளைகள் இரண்டு மடங்கு நீளம் வெட்டுவார்கள். வகுப்பில் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பகுதி இதிலிருந்தே வரும்.

இழையைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றாக மேல்நோக்கி உருவி, மூன்றையும் மறுபடி சேர்த்துப் பிடிக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தால் மிச்சம் இருக்கும் மூன்றும் சுருண்டு முடிச்சாகும்.

கோப்பதற்கு எச்சில் வேண்டாம். நூலை ஊசியின்மேல் மடித்து இறுக்கி, மடிப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பிடித்து ஊசியை உருவிவிட்டு, அந்த மடிப்பையே காதுக்குள் தள்ளினால் உள்ளே போய்விடும்.

முடிச்சு போட்டுத் தொடங்காமல், 5 செ.மீ. நூலைப் பின்பக்கம் விட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். கடைசியில் அந்த வாலை ஊசியில் கோத்துப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நாலைந்து முறை நுழைத்து வெட்டிவிடலாம், முடிக்கும்போதும் இதேதான். முதல் இரண்டு வகுப்புக்கு மட்டும் முடிச்சைக் கண்டும் காணாமல் விடலாம்.

ஃபிரேமைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிவளையத்தின் திருகைத் தளர்த்தி, உள்வளையத்தின்மேல் துணியை விரித்து, வெளிவளையத்தை அழுத்திவிட்டுத் துணியை நேர் இழையில் நாலு பக்கமும் இழுத்து இறுக்க வேண்டும். மூலைவாட்டில் இழுத்தால் துணி கோணிக்கொள்ளும், ஃபிரேமிலிருந்து எடுத்ததும் வட்டம் முட்டையாகிவிடும். தட்டினால் தம்பட்டம்போல் ஒலித்தால் சரியான இறுக்கம். அப்படி இறுகிய துணியில் ஊசியை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை எனத் தனித்தனியாகத்தான் குத்த முடியும். பிள்ளைகள் ஒரே குத்தில் உள்ளே விட்டு வெளியே எடுக்கப் பார்ப்பார்கள்; துணி வளையாததால் ஃபிரேமைத் தளர்த்துவார்கள்; தளர்ந்ததும் தையல் சுருக்கும். சங்கிலித் தையலுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். வகுப்பு முடிந்ததும் துணியைக் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் மாட்டியே வைத்தால் வளையத் தடம் விழும், திருகின் துரு ஒட்டும்.

ஆறு தையல்

முதல் பயிற்சி, ஊசியை மேலும் கீழுமாக விட்டுக்கொண்டே போகும் ஓட்டுத் தையல். துணித்துண்டின் நாலு விளிம்பையும் ஒரு செ.மீ. அளவில் இரட்டை மடிப்பாக மடித்து ஓட்டச் சொல்லுங்கள். விளிம்பும் பிரியாது, பயிற்சியும் ஆயிற்று. இதற்கு ஃபிரேம் வேண்டாம். தையல் 4 மி.மீ., இடைவெளி அதே அளவு.

அடுத்தது பின் தையல். வலதுகைக்காரர் வலமிருந்து இடமாகப் போவார். ஒரு தையல் தூரம் முன்னால் ஊசி மேலே வரும், பழைய தையலின் முனையிலிருக்கும் அதே துளையில் இறங்கும். அதே துளை என்பதில்தான் சூட்சுமம். அரை மி.மீ. தள்ளி இறங்கினாலும் கோடு துண்டு துண்டாகத் தெரியும். முன்பக்கம் ஒரு பங்கு, பின்பக்கம் இரண்டு பங்கு நூல் ஓடுவதால், கோட்டின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு நூல் தேவை, 12 செ.மீ. கோட்டுக்கு 45 செ.மீ. நூல், வாலையும் சேர்த்து, சரியாக வரும்.

காம்புத் தையலில் நேரம் செலவிடுங்கள், வளைவான கோடு எல்லாமே இதில்தான் இருக்கிறது. இடமிருந்து வலமாக, 6 மி.மீ. தையல் ஒன்றை எடுத்து, அதன் நடுவில், கோட்டின்மேல், ஊசி மேலே வர வேண்டும். அப்போது நூல் எப்போதும் ஊசிக்குக் கீழ்ப்பக்கம் கிடக்க வேண்டும். ஒரு தையலில் மேலேயும் அடுத்ததில் கீழேயும் கிடந்தால் முறுக்கு உடைந்து கோடு சொரசொரப்பாகும். ஒரு பிள்ளையின் துணியில் காம்பு நடுவழியில் தடித்தோ மெலிந்தோ தெரிந்தால், அந்த இடத்தில் நூல் பக்கம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளைவு இறுகும் இடத்தில் தையல் நீளத்தைப் பாதியாக்க வேண்டும். இல்லையென்றால் வளைவு முனை முனையாக உடையும்.

சங்கிலித் தையலில் ஊசி மேலே வந்த துளையிலேயே மறுபடி இறங்கி, ஒரு கண்ணி தூரம் முன்னால் கண்ணிக்குள் எழ வேண்டும். வேகமாக இழுத்தால் கண்ணி மெலிந்து கோடாகிவிடும். வளையம் உருண்டையாக நிற்கும்போதே கையை நிறுத்தப் பழக்குங்கள். கடைசிக் கண்ணியின் தலையில் ஒரு சிறு தையல் போட்டுக் கட்ட மறந்தால் சங்கிலி முழுக்க உருவிக்கொண்டு வரும். இந்தப் பாடத்தில் ஆரி பற்றிக் கேள்வி வராமல் இருக்காது. கல்யாண ரவிக்கைகளைப் பார்த்துவிட்டுப் பலரும் அதைத்தான் கேட்பார்கள். ஆரி ஊசி கொக்கியால் நூலை அடியிலிருந்து மேலே இழுத்துப் போடுவதும் இதே சங்கிலிதான். ஊசியில் கண்ணி சமமாக வந்த பிறகு ஆரிக்குப் போகட்டும்.

பட்டன் துளையின் ஓரத்தில் போடும் காஜா தையலை விளிம்பில் ஒரு அங்குலத்துக்கு ஐந்தாறு வீதம் போடவிட்டால் போதும்.

ஆறாவது பிரெஞ்சு முடிச்சு. எல்லோருக்கும் முதலில் ஒரே தவறுதான் நடக்கும்: முடிச்சு துணிக்குள் காணாமல் போகும். ஊசி எழுந்த அதே துளையில் இறங்குவதே காரணம். ஒன்றிரண்டு இழை தள்ளி இறங்க வேண்டும். இடதுகையில் நூலை விறைப்பாகப் பிடித்து ஊசியைச் சுற்றி இரண்டு சுற்று, சுற்றைத் துணிவரை தள்ளிவிட்டு, ஊசி முழுவதும் கீழே போகும்வரை இடதுகை விடக்கூடாது. விட்டால் வால் முளைத்த முடிச்சு.

இடைவெளியில்லாமல் அடுத்தடுத்துப் போட்டு இடத்தை நிரப்பும் சாட்டின் தையலை முதல் பருவத்தில் சேர்க்காமலிருப்பதே நல்லது. இழுப்பு சமமாக வராத கையில் அது சுருக்கம் மட்டுமே தரும், ஒரு செ.மீ.க்கு மேல் நீண்டால் எதிலாவது மாட்டிக் கிழியும்.

எதைப் போடுவது

முதல் வேலைக்குச் சிக்குக் கோலம் எடுங்கள். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ. மொத்தம் 10 செ.மீ.க்குள் அடங்கும், ஃபிரேமை நகர்த்த வேண்டியதில்லை. கம்பிகளைக் காம்புத் தையலிலும் புள்ளிகளைப் பிரெஞ்சு முடிச்சிலும் போட்டால், வளைவும் நேர்கோடும் முடிச்சும் ஒரே வேலையில் பழகும். 25 முடிச்சு போட்டு முடிப்பதற்குள் கை தேர்ந்துவிடும். கம்பி ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், ஒன்றை முழுக்கப் போட்டு முடித்துவிட்டு மற்றதை அதன்மேல் தாண்டவிடுங்கள். கோலத்தைத் தாளில் கறுப்பாக வரைந்து, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்து ஹெச்பி பென்சிலால் மெலிதாக எடுக்கலாம். தட்டச்சுக்குப் பயன்படும் கார்பன் தாள் வேண்டவே வேண்டாம், அதன் எண்ணெய்ப் பசை போகாது. ஜெல் பேனா துவைக்கும்போது பரவும்.

அடுத்த வேலைக்கு, இழைகள் கட்டம் கட்டமாகத் தெரியும் மேட்டி துணியில், பெருக்கல் குறிபோல் விழும் கிராஸ் தையல். எண்ணிப் போடுவதால் வரைய வேண்டியதில்லை, வரையத் தெரியாது என்று ஒதுங்கும் பிள்ளைக்கு இதுதான் வாசல். எல்லாப் பெருக்கலிலும் மேல்கோடு ஒரே திசையில் சாய வேண்டும் என்பது ஒன்றே விதி. பாதியில் துணியைத் திருப்பிப் பிடித்தால் திசை மாறிவிடும். ஆகவே துணியின் தலைப்பக்கத்தில் ஒரு வண்ண நூலால் குறி வைக்கச் சொல்லுங்கள். நீலகிரித் தோடர் பெண்களின் புகூர் எனப்படும் எம்பிராய்டரி வேலையை இங்கே காட்டலாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாடு, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, ஃபிரேமும் வரைபடமும் இல்லாமல், இழையை எண்ணியே போடப்படுவது. படம் காட்டி, அதில் ஒரு முக்கோணத்தைக் கட்டத்தாளில் எண்ணி எடுக்கச் சொன்னால், ஒரு பீரியட் கணக்குப் பாடமும் முடிந்துவிடும்.

துவைப்பதும் மதிப்பெண்ணும்

முடிந்த துணியைச் சாதாரணத் தண்ணீரில் லேசான சோப்பு போட்டு அலசி, முறுக்காமல் டவலில் சுருட்டி ஈரத்தை எடுங்கள். மேஜையில் மொத்தமான டவலை விரித்து, தையலைக் கீழ்நோக்கி வைத்து, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போட வேண்டும். நேராக மேலே வைத்தால் பிரெஞ்சு முடிச்சுகள் நசுங்கிவிடும்.

மதிப்பெண் 20 என்றால் இப்படிப் பிரிக்கலாம்: தையல் சம நீளத்துக்கு 6, சுருக்கமில்லாத இழுப்புக்கு 5, பின்பக்கத்துக்கு 5, துவைத்து மடித்த சுத்தத்துக்கு 4. டிசைனின் அழகுக்கு மதிப்பெண் வைத்தால், வீட்டிலிருந்து அம்மாவோ அக்காவோ போட்டுக்கொடுத்த துணிதான் முதல் பரிசு வாங்கும். பின்பக்கம் பார்க்கும்போது மூன்றே கேள்வி போதும்: முடிச்சு உண்டா, வால் தொங்குகிறதா, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு ஒரு செ.மீ.க்கு மேல் நூல் தாவியிருக்கிறதா. அப்படித் தாவிய கருநீல நூல் வெள்ளைத் துணியில் முன்பக்கமே நிழலாகத் தெரியும். பிள்ளையிடமே துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்கமாட்டார்கள்.