மொன்றியலுக்குப் புதியவரா? ஒரு சனிக்கிழமை லிட்டில் இத்தாலிக்குப் போய் வாருங்கள்

பார்க் எக்ஸ்டென்ஷனில் வீடு எடுத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மரக்கறி வாங்க ஜோன் தலோன் சந்தைக்குப் போங்கள். பார்க் நிலையத்தில் சென் மிஷேல் பக்கம் போகும் நீலப் பாதை மெட்ரோவில் ஏறினால், அடுத்த நிலையமே டு காஸ்தெல்னோ. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் சந்தை வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள தெருக்கள்தான் லிட்டில் இத்தாலி.

1933 முதல் நடக்கும் சந்தை இது. குளிர்காலத்திலும் மூடுவதில்லை. ஆனால் அதன் உண்மையான களை கோடையில்தான் தெரியும். ஜூன் கடைசியில் ஸ்ட்ரோபெரி, ஆகஸ்டில் சோளம், கத்தரிக்காய், விதவிதமான மிளகாய். பழங்களை வெட்டித் தட்டில் வைத்திருப்பார்கள், ருசி பார்த்தே வாங்கலாம். மரக்கறிக்கும் பழத்துக்கும் விற்பனை வரி கிடையாது, எழுதியிருக்கும் விலைதான். ஊர்ச் சந்தை மாதிரி பேரம் பேசுவதில்லை. கடை கட்டும் நேரத்தில் சிலர் தாங்களாகவே விலையைக் குறைப்பார்கள். பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டாம். ‘போன்ஜூர்’ சொல்லித் தொடங்குங்கள், மீதியை ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாம். கொஞ்சம் சில்லறைக் காசும் கையில் இருக்கட்டும்.

பிறகு சென் லோரன் தெருவுக்கு வாருங்கள். பழைய கஃபேக்களில் வயதானவர்கள் கால்பந்து பார்த்துக்கொண்டு உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு எஸ்பிரெசோ வாங்கிக்கொண்டு நீங்களும் நிற்கலாம், யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். அதே தெருவில் மிலானோ என்ற பலசரக்குக் கடை 1954 முதல் இருக்கிறது. பாஸ்தா, ஒலிவ் எண்ணெய், சீஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். சைவக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அசல் பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்த்தே செய்கிறார்கள். சைவ சீஸ் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

டான்டே தெருவில் இருக்கும் மதோனா தெல்லா டிஃபேசா தேவாலயத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். இத்தாலியின் மொலிசே பகுதியிலிருந்து வந்த குடியேறிகள் எழுப்பியது அது. உள்ளே கூரை ஓவியத்தில் குதிரைமேல் அன்று இத்தாலியை ஆண்ட சர்வாதிகாரி முசோலினி இருக்கிறார். அதை வரைந்தவர் குய்தோ நின்கேரி. 1940இல் இத்தாலி இரண்டாம் உலகப் போரில் கனடாவின் எதிரணியில் இறங்கியதும், கனடா அரசு நூற்றுக்கணக்கான இத்தாலியர்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. நின்கேரியும் அதில் ஒருவர். இன்று இவ்வளவு கலகலப்பாக இருக்கும் தெருக்களில் அந்தக் குடும்பங்கள் எவ்வளவு பயந்து வாழ்ந்திருக்கும்! போரில் இருந்து தப்பி வந்த நம்மவர்களுக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

செப்டெம்பரில் போனால் நீளத் தக்காளி பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். இத்தாலியக் குடும்பங்கள் வருடத்துக்கான சோஸ் காய்ச்ச அதை அள்ளிக்கொண்டு போவார்கள். குழம்புக்கும் சட்னிக்கும் அது அருமையாக இருக்கும். ஒரு பெட்டி வாங்கி இரண்டு மூன்று வீட்டார் பிரித்துக்கொள்ளுங்கள். கார் வைத்திருக்கும் நண்பர் யாரையாவது கூட்டிக்கொண்டு போவது நல்லது, அந்தப் பெட்டியோடு மெட்ரோவில் வருவது கஷ்டம்.