ஜப்பான் ஆம்ப்ளிஃபையரை காரைக்குடி கரண்டில் ஓட்ட

முதலில் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். 220-240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை, சிங்கப்பூரிலிருந்து அப்பச்சி காலத்தில் வந்த சாமான் பெரும்பாலும் அப்படித்தான். 100 என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகிவிடாதீர்கள், புகைந்துவிடும். சிலவற்றில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்புங்கள், ஃபியூஸையும் அதற்குரிய அளவில் மாற்றுங்கள்.

சுவிட்ச் இல்லையா, 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர்தான். பெட்டியில் 200 வாட் என்றால் 300 விஏக்கு (டிரான்ஸ்ஃபார்மரின் தாங்குதிறன் அளவு, VA) குறையாமல் வாங்குங்கள், கனமாகத்தான் இருக்கும். அப்புறம் வளவு வீட்டுப் பழைய வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள்.

ரெக்கார்டு பிளேயர் என்றால் இன்னொரு வம்பு. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சிங்க்ரனஸ் மோட்டார் (கரண்டின் ஹெர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமையும் மோட்டார்) நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், பாட்டு இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இதைத் தீர்க்காது, மோட்டார் தண்டில் மாட்டும் 50 ஹெர்ட்ஸ் புல்லி தேட வேண்டும்.