ஸ்னோமொபைல் சொன்னபடி திரும்ப: ஸ்கீகளைச் சரிசெய்தலும் தேர்ந்தெடுத்தலும்

பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பியும் வண்டி வளைவில் திரும்பாமல் நேராகவே வழுக்கிக்கொண்டு போனாலோ, முன்னே சென்ற வண்டிகளின் தடங்களில் சிக்கி, முன்புறச் சறுக்குப் பலகைகளான ஸ்கீகள் இடமும் வலமுமாக இழுபட்டாலோ, பலரும் உடனே புதிய ஸ்கீகளைத் தேடத் தொடங்குகிறார்கள். அந்தச் செலவைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேய்ந்த கார்பைடு (ஸ்கீயின் அடியில் உள்ள மிகக் கடினமான துண்டு), கோணம் மாறிய ஸ்கீ, தவறான எடைப் பகிர்வு ஆகிய மூன்றையும் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல ஸ்கீயைப் பொருத்தினாலும் பழைய குறை அப்படியே தொடரும்.

முதலில் வண்டியின் முன்புறத்தைத் தூக்கி நிறுத்தி, ஸ்கீகளின் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஸ்கீயின் நடுவே நீளவாக்கில் இறங்கியிருக்கும் விளிம்பை கீல் என்கிறோம்; அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியும், அந்தக் கம்பியில் பதித்த கார்பைடு துண்டும் இருக்கும். இறுகிய பனியையும் பனிக்கட்டியையும் கடித்துப் பிடித்து வண்டியைத் திருப்புவது இந்தக் கார்பைடுதான். அதன் முனை மழுங்கி உருண்டிருந்தாலோ, இரும்புக் கம்பி ஏறக்குறைய பாதி தேய்ந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பனியில்லாத தார்ச்சாலையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கார்பைடின் ஆயுள் குறைகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, ஸ்கீயைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஸ்கீ மேலும் கீழுமாகத் தடையின்றி அசைய வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் அது போல்ட், புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள உறை), டை ராட் (ஹேண்டில்பாரின் திருப்பத்தை ஸ்கீக்குக் கடத்தும் தண்டு) முனை ஆகியவற்றில் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நீக்கிய பிறகுதான் அளவெடுக்கத் தொடங்க வேண்டும். ஸ்கீயைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டிலுக்கும் ஸ்கீக்கும் நடுவே உள்ள ரப்பரையும் கவனியுங்கள். அது நசுங்கியிருந்தாலோ, முன்பின் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தாலோ, ஸ்கீயின் மூக்குப் பகுதியில் அழுத்தம் கூடி, வண்டி தடங்களைத் தேடிப் பிடித்து ஓடும்.

இனி, வீட்டிலேயே செய்யக்கூடியதும் மிகப் பெரிய பலன் தருவதுமான நேர்ப்படுத்தலுக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்டில்பாரை மிகச் சரியாக நேராக வைத்துக் கட்டுங்கள். இரு ஸ்கீகளின் மூக்குகளையும் ஓர் எலாஸ்டிக் கயிற்றால் ஒன்றையொன்று நோக்கி இழுத்துக் கட்டினால், இணைப்புகளில் மிஞ்சியிருக்கும் சிறு தளர்வு அளவைக் கெடுக்காது. பிறகு வளையாத நீண்ட அலுமினியப் பட்டை ஒன்றை ட்ராக்கின் (வண்டியின் அடியில் சுழன்று அதை முன்னே தள்ளும் ரப்பர் வார்) வெளி விளிம்பை ஒட்டி, அதன் முன்பகுதியையும் பின்பகுதியையும் ஒருங்கே தொடும்படி, ஸ்கீகள் வரை நீளுமாறு வையுங்கள். ஸ்கீயின் போல்ட்டுக்கு முன்னே சுமார் 10 அங்குலத்திலும் பின்னே அதே 10 அங்குலத்திலும், பட்டைக்கும் கார்பைடு கம்பிக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் விளிம்பு நேராக இருக்கும் என்று நம்ப முடியாது என்பதால்தான் கம்பியிலிருந்து அளக்கச் சொல்கிறேன்.

ஸ்கீகளின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றே வெளிநோக்கி விரிந்திருக்க வேண்டும். பொதுவாக இரு பக்கமும் சேர்த்து 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை, அதாவது ஒவ்வொரு பக்கமும் அதில் பாதி, போதுமானது. உங்கள் மாடலின் கையேடு வேறு அளவைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஸ்கீகள் உள்நோக்கித் திரும்பியிருந்தால் வண்டி நேராக ஓடாமல் அலைபாயும்; அளவுக்கு மீறி விரிந்திருந்தால் கார்பைடு விரைவில் தேய்வதோடு முன்பகுதி பனியை உழுதுகொண்டும் போகும். டை ராடின் லாக் நட்டுகளைத் தளர்த்தி ராடைச் சிறிது சிறிதாகச் சுழற்றி இந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரே பக்கத்தில் மட்டும் சரிக்கட்டினால் ஹேண்டில்பார் கோணலாகிவிடும் என்பதால், ஒவ்வொரு ஸ்கீயையும் பட்டையோடு தனித்தனியே ஒப்பிட வேண்டும். சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது இந்தக் கோணமும் மாறும். ஆகவே வண்டி தரையில் இருந்தபடி அளப்பதா, முன்புறத்தைத் தூக்கி அளப்பதா என்பதைக் கையேட்டில் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வளைவில் வண்டி நேராக வழுக்கினால், ஸ்கீகளின் மீது போதிய எடை இறங்கவில்லை என்று பொருள். பின் சஸ்பென்ஷனின் முன்கையைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் பட்டையை ஓர் ஓட்டை அளவு சுருக்கினால், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எடை பின்னால் போவது குறைந்து, ஸ்கீகள் பனியில் பதிந்தே இருக்கும். ட்ராக்கின் முன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் குறைப்பதும், ஸ்கீ ஸ்பிரிங்குகளின் இறுக்கத்தைக் கூட்டுவதும் அதே திசையில்தான் வேலை செய்யும். மாறாக, ஹேண்டில்பார் கனத்து கைகள் சோர்ந்துபோனால் இவற்றை எதிர்த்திசையில் மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்து, பழைய நிலையைக் குறித்துவைப்பவருக்கே எந்த மாற்றம் பலன் தந்தது என்பது தெரியும். அடர்ந்த ஆழப்பனியில் ஓட்டுபவர் முன்புறம் எளிதில் மேலெழுவதை விரும்புவார் என்பதால் அவர் லிமிட்டர் பட்டையை நீட்டியே வைத்திருப்பார். பாதையில் ஓட்டுபவரின் அளவு அவருக்குப் பொருந்தாது.

இதற்குப் பிறகும் நிறைவு இல்லையென்றால் புதிய ஸ்கீகளைப் பார்க்கலாம். இறுகிய பாதைகளில் மட்டும் ஓட்டுபவருக்கு 5 முதல் 6 அங்குல அகலமும் ஆழமான கீலும் உள்ள ஸ்கீ நன்றாகக் கடிக்கும். ஆழப்பனியில் மிதப்பதற்கு 7 அங்குலமோ அதற்கு மேலோ அகலம் தேவை. ஆனால் அதே அகலமான ஸ்கீ இறுகிய பாதையில் வளைவுகளில் வழுக்கக்கூடும். தடங்களில் இழுபடுவதே உங்கள் முதன்மையான குறை என்றால், இரட்டைக் கீல் கொண்ட ஸ்கீயோ, இரட்டைக் கார்பைடு கம்பியோ அதைப் பெருமளவு தணிக்கும். அதற்கு விலையாகத் திருப்புதல் சற்றுக் கனமாகும். ட்ராக்கில் ஆணிகள் பதித்திருந்தால் பின்புறப் பிடிப்பு கூடி முன்பகுதியைத் தள்ளும் என்பதால் நீளமான கார்பைடு வேண்டும். ஆணிகளே இல்லாத ட்ராக்குக்கு மிக நீளமான கார்பைடைப் பொருத்தினால், முன்புறம் பிடித்து நிற்க, பின்புறம் வளைவில் சுழன்று வெளியேறும். இந்தச் சமநிலையைப் புறக்கணிப்பது உண்மையிலேயே ஆபத்தானது.

வாங்கும்போது உங்கள் மாடலின் ஸ்பிண்டிலுக்கு உரிய பொருத்துதல் தொகுப்பையும் சேர்த்தே வாங்குங்கள். போல்ட்டின் விட்டமும் ஸ்பிண்டிலின் அகலமும் வண்டிக்கு வண்டி மாறும். புதிய ஸ்கீயைப் பொருத்தியவுடன் நேர்ப்படுத்தலை மறுபடி அளந்து, முதல் சில ஓட்டங்களில் வேகத்தைக் குறைத்தே ஓட்டி, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஸ்கீ போல்ட்டுகளையும் டை ராடின் லாக் நட்டுகளையும் ஸ்பேனரால் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.