சிலிக்கான் 52, காரணம் ஒரு ஓஸ்

9 லட்சம் கிலோமீட்டர் ஓடிய லாரி. 15,000 கி.மீ. ஓடி இறக்கிய எஞ்சின் ஆயிலை, அதில் என்னென்ன உலோகம், தூசி கலந்திருக்கிறது என்று பார்க்கச் சோதனைக்குக் கொடுத்தேன். இரும்பு 140 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 140 பங்கு), சிலிக்கான் 52, அலுமினியம் 21. போன முறை சிலிக்கான் 11தான். மெக்கானிக், "எஞ்சினை இறக்கிடலாம்ணே" என்றார். பேரிங் தேய்ந்தால் ஏறும் ஈயம், செம்பு ஏறவில்லை; எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிந்தால் வரும் சோடியமும் இல்லை. அதனால் பேரிங், கூலன்ட் கசிவு இரண்டையும் ஒதுக்கினேன்.

எஞ்சின் மூட்டுகளை அடைக்கும் கேஸ்கட் பசையாலும் சிலிக்கான் ஏறும். ஆனால் கூடவே அலுமினியமும் ஏறினால் பெரும்பாலும் இரண்டும் கலந்த மண் தூசிதான். ஏர் ஃபில்டரை மாற்றி, 5,000 கி.மீ.யில் மறுபடி சோதித்தேன். சிலிக்கான் 31! குறைந்துவிட்டதென்று இரண்டு நாள் ஏமாந்தேன். ஓடிய தூரத்தோடு கணக்குப் போட்டால் முன்னைவிட வேகமாக ஏறியிருக்கிறது.

அப்புறம்தான் ஃபில்டருக்கும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஓஸைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்தேன். காவி நிறத்தில் மெல்லிய கோடு. ஓஸின் அடிப்பக்கம், கிளாம்பை ஒட்டி அரை விரல் நீளக் கீறல். வளைத்தால்தான் வாய் திறக்கிறது. ஃபில்டரைத் தாண்டித் தூசி போன வழி இதுதான். வண்டி நிற்கும்போது எத்தனை முறை பார்த்தாலும் கண்ணில் படாது.

ஓஸ், கிளாம்ப், ஆயில் மூன்றையும் மாற்றினேன். அடுத்த 15,000 கி.மீ.யில் சிலிக்கான் 13, இரும்பு 58. அப்பாடா. எஞ்சினை இறக்கவே இல்லை.