பழைய பிக்கப்பில் கரண்ட் கோளாறு: தேடும்போது செய்யக் கூடாத தவறுகள்

சென்னை காசிமேட்டில் விடியற்காலை 3 மணிக்கு மீன் பெட்டிகளை ஏற்றி முடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை. பின்னால் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் வண்டி கிளம்பியது. பேட்டரிக்கு 3 வயதாகிவிட்டதே என்று அன்றைக்கே புதிதாக ஒன்று போட்டேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது, பிறகு மறுபடியும் "டக்". அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) எல்லாம் மாற்றினோம். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

கடைசியில் ராயபுரத்தில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டி போனது. அவர் எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் டெர்மினலிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, "தம்பி, இப்ப செல்ஃப் அடி" என்றார். மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டியது. அங்கே 0.2 வோல்ட் அளவுக்குள்தான் இருக்க வேண்டும். "கரண்ட்டு போனா திரும்பி வரணும்ல? வர்ற வழியப் பாத்தியா?" என்று கேட்டார். இன்ஜினையும் சேசிஸையும் (வண்டியின் அடிச்சட்டத்தையும்) இணைக்கும், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழியான பின்னல் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துரு அடை கட்டியிருந்தது. உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டு முறுக்கினார். அரை மணி நேர வேலை. அதற்குமுன் பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் நான் கொட்டிய பணம் வீண்தான்.

அளந்து பார்க்காமல் சாமான் மாற்றுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். புது பேட்டரி போட்டதும் சரியானதுபோல் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. புதியதற்குத் தெம்பு அதிகம் என்பதால், துருவைத் தாண்டியும் கொஞ்ச நாள் தள்ளிவிடும். துரு இன்னும் கொஞ்சம் கூடியதும் அதுவும் திணறும். நாம் பேட்டரியைத் திட்டிக்கொண்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவோம்.

பிளஸ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எர்த்தை மறப்பது சென்னையில் மிக விலை கொடுக்க வைக்கும் தவறு. கடற்காற்று ஒரு பக்கம். மீன் வண்டியாக இருந்தால், உருகும் ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து பாடியின் இடுக்கு வழியாக டெயில் லாம்ப் ஒயரிங்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒயர்களை இணைக்கும் கப்ளரைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். எர்த் கெட்டால் வண்டி விசித்திரமாக நடந்துகொள்ளும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுக்கும். பிரேக் மிதித்தால் இன்னொரு விளக்கு மங்கும். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் அசையும். ஒரு சுவிட்சுக்கு இரண்டு விளக்கு வேலை செய்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். செல்ஃப் அடித்தபின் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுட்டால், இன்ஜின் எர்த் கெட்டு, அந்த மெல்லிய கேபிள் வழியாகக் கரண்ட் திரும்புகிறது என்று அர்த்தம். அன்றைக்கே சரிசெய்ய வேண்டிய விஷயம் அது.

மீட்டர் வாங்கியவர்களும் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரே இந்த வேலைக்குப் போதும். ஆனால் ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றிவிட்டு அளந்து, "12 வோல்ட் வருது, ஒயர் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டக் கூடாது. ஒயரின் செம்பு இழைகளில் ஒன்றே ஒன்று அறாமல் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். பாதி அடைத்த தண்ணீர்க் குழாயும் இப்படித்தான். குழாயை மூடியிருக்கும்வரை அழுத்தம் முழுசாக இருக்கும், திறந்தால்தான் ஒழுகும் லட்சணம் தெரியும். பல்பை எரியவிட்டு, அந்த ஒயரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் அளக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அந்த ஒயரிலோ அதன் ஜாயின்ட்டிலோதான் கோளாறு. ஒயர் அறுந்திருக்கிறதா என்று பீப் சத்தத்தில் சொல்லும் கன்டினியூட்டி சோதனையைக் கரண்ட் இருக்கும்போது செய்ய வேண்டாம். அளவும் தப்பாக வரும், மீட்டரும் கெடும்.

ஃப்யூஸ் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 10 ஆம்பியர் ஃப்யூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று 30 போடுவது, அல்லது செம்புக் கம்பியோ சிகரெட் அட்டையின் சில்வர் பேப்பரோ சுற்றுவது, வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். ஃப்யூஸ் காப்பது ஒயரை. அது உருக மறுத்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் உருகும்.

ஷார்ட் எங்கே என்று தேட, ஃப்யூஸ்களாகப் போட்டுப் போட்டு எரிக்கவும் வேண்டாம். எரிந்த ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயரால் மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். 60 வாட் பல்பு என்றால் 5 ஆம்பியர் அளவுக்குமேல் விடாது என்பதால் ஒயருக்கு ஆபத்து குறைவு. பிறகு அந்தச் சர்க்யூட்டின் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போங்கள், ஒயரைக் கையால் அசைத்துப் பாருங்கள். எதைத் தொட்டதும் பல்பு அணைகிறதோ அதற்கு அப்பால்தான் ஷார்ட். சேசிஸ் ஓட்டைக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) போயிருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும். மழைக்காலத்தில் சூடான பானெட்டுக்குள் எலி வந்து படுப்பது நம் ஊரில் சகஜம்.

ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது என்றால் மைனஸ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளப்பார்கள். சரியான முறைதான். ஆனால் அப்போது மறந்துபோய் செல்ஃப் அடித்துவிட்டால் மீட்டரின் கதை முடிந்தது, ஏனென்றால் செல்ஃப் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். கதவு திறந்திருந்து கேபின் லைட் எரிந்தாலும் கணக்குத் தப்பும். எல்லாம் அணைத்திருக்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் காட்டினால், 75 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று நாள் சும்மா நின்றாலே 36 போய்விடும், கிட்டத்தட்ட பாதி. ஒவ்வொரு ஃப்யூஸாக உருவி, எதை எடுத்ததும் அளவு விழுகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் எடுத்தும் விழவில்லையா? இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டையோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடும் பகுதி) கசியலாம். அதன் தடித்த ஒயர் பெரும்பாலும் அந்த ஃப்யூஸ்கள் வழியாக வருவதில்லை, அதனால் பலர் அதைச் சந்தேகப்படுவதே இல்லை.

ஆல்டர்னேட்டரைச் சோதிக்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி கேபிளைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நிஜமான டைனமோ இருந்த காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட் ஒரு கணம் எகிறி டையோடும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போகலாம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் டீசல் வண்டியாக இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரான இசியுவும் போகலாம். மீட்டரை பேட்டரியில் வைத்தாலே தெரிந்துவிடும். சார்ஜ் நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை.

கம்பெனி ஒயரிங் தானாகக் கெடுவதைவிட, பிறகு நாம் சேர்த்ததால் கெடுவது அதிகம் என்பது என் அனுபவம். ஜிபிஎஸ், பாட்டுப் பெட்டி, பலத்த ஹார்ன் எல்லாவற்றுக்கும் யாரோ ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். மே மாத வெயிலில் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். ஹெட்லைட்டுக்கு 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் பல்பு போட்டிருந்தால், இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் போன இடத்தில் 16க்கு மேல் போகும். ஒயரில் சூடு ஏறக்குறைய மூன்று மடங்காகும். கருகிய சுவிட்சை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பழைய அளவு பல்புக்கே திரும்பி, ஹெட்லைட் கரண்ட் சுவிட்ச் வழியாகப் போகாதபடி தனி ரிலே போடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை வாங்கியவர்கள் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. உள்ளே தங்கிய ஈரம் பல மாதம் கழித்தும் கோளாறு காட்டும்.

உப்புத் தண்ணீரில் பாடி அரித்துப்போனால் வெல்டிங்குக்கு விட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தக் கரண்ட் வண்டியின் எர்த் ஒயர்கள் வழியாகப் போகும். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில்.