வயலில் ஒருத்தி, ஆய்வகத்தில் ஒருத்தி: சிதறிய மேற்கோள்களை ஒரே பெயரில் சேர்ப்பது எப்படி?

போன மாதம் ஒரு வேலை விண்ணப்பத்தில் 'மொத்த மேற்கோள்கள்' (நம் கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் சுட்டிய எண்ணிக்கை), 'எச்-இன்டெக்ஸ்' (குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 5 இருந்தால் 5; இப்படி அமையும் மிகப்பெரிய எண்) என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பத்து நிமிட வேலைதானே என்று புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். பார்த்தால், கட்டணத் தரவுத்தளம் ஒன்றில் நான் இரண்டு பேராக இருந்தேன்! கடலூரில் நெல் இலைக்கருகல் நோயை ஆராய்ந்தவள் ஒருத்தி, புதுச்சேரியில் டி செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றி எழுதியவள் இன்னொருத்தி. சரிசெய்ய மூன்று வாரம் ஆயிற்று. உங்களுக்கு ஒரு மாலை போதும்.

படி 1: பெயர்

நான் மாட்டியது இங்கேதான். தாவரக் கட்டுரைகளில் இனிஷியல் போட்டு எழுதினேன். அப்புறம் பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்ததில் அப்பா பெயர் சர்நேம் ஆகிவிட்டது. பிந்தைய கட்டுரைகளிலும் அப்படியே போட்டேன். மேற்கோள் காட்டுபவர்கள் சர்நேமைத்தான் முன்னால் வைப்பார்கள். ஆக, பண்ருட்டியில் முந்திரித் தோப்பு பார்க்கும் அப்பா இன்று நோயெதிர்ப்பியல் இதழ்களில் மேற்கோள் காட்டப்படுகிறார். அவருக்கு இதில் பெருமைதான். எனக்குத்தான் தலைவலி. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதையே எழுதுங்கள்.

படி 2: சொந்தப் பட்டியல்

எந்தத் தளத்துக்கும் போகுமுன் எக்செல்லில் தலைப்பு, ஆண்டு, பெயர் வடிவம், டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) நான்கையும் நிரப்புங்கள். இதற்கென்று தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை.

துறைச் சொல்லை வைத்துத் தேடிப் பிரிக்கப் பார்க்காதீர்கள். 'இம்யூனிட்டி' என்ற சொல் இரு பக்கமும் புழங்குகிறது. பமீலா ரொனால்ட் குழு 1995-ல் நெல்லில் கண்டறிந்த எக்ஸ்ஏ21, இலைக்கருகல் பாக்டீரியாவை உணரும் ஏற்பி (ரிசெப்டர்). புரூஸ் பாய்ட்லர் குழு 1998-ல் எலியில் அடையாளம் கண்ட டிஎல்ஆர்4-ம் பாக்டீரியாவை உணரும் ஏற்பிதான். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டை மட்டும் நம்பினாலும் ஆகாது, வேளாண் இதழ்கள் பலவும் அதில் வராது.

படி 3: ஆர்கிட்

பூ இல்லை, ஆராய்ச்சியாளருக்கான 16 இலக்க அடையாள எண். இலவசம். கடைசி இடத்தில் எக்ஸ் வந்தாலும் பதற வேண்டாம், அதுவும் சரியான எண்தான். 'ஆல்சோ நோன் ஆஸ்' பகுதியில் பழைய பெயர் வடிவங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். டிஓஐ கொடுத்துக் கட்டுரைகளை ஏற்றுங்கள். 'எவ்ரிஒன்' என்று பார்வை அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் 'ஒன்லி மீ' என்று வைத்துவிட்டு, ஏன் எங்கும் தெரியவில்லை என்று ஒரு வாரம் காத்திருந்தேன்.

படி 4: கூகுள் ஸ்காலர்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுளின் தளம் இது. ப்ரொஃபைல் தொடங்கும்போது, கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கவா, மெயிலில் கேட்டுவிட்டுச் சேர்க்கவா என்று கேட்கும். நான் அவசரத்தில் முதலாவதை டிக் செய்தேன். அதே பெயருள்ளவர்களின் கட்டுரைகள் என் கணக்கில் ஏறின. மேற்கோள் எண்ணிக்கை எகிறியதில் ஒரு நாள் மகிழ்ந்தும் போனேன். நீங்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.

உங்களுடையது அல்லாததை டெலிட் செய்யுங்கள். தவறிப்போனால் ட்ராஷிலிருந்து மீட்கலாம். ஒரே கட்டுரை இரண்டு முறை வந்திருந்தால் இரண்டையும் டிக் செய்து 'மெர்ஜ்' கொடுங்கள்.

படி 5: கட்டணத் தரவுத்தளங்கள்

ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டிலும் ஆசிரியர் விவரத்தைத் திருத்தக் கோரும் வசதி உண்டு. எக்செல் பட்டியல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

படி 6: எண்ணை எழுதுவது

இரண்டு கணக்குகளின் எச்-இன்டெக்ஸைக் கூட்டிவிடாதீர்கள்! என் தாவரக் கட்டுரைகளின் மேற்கோள்கள் 40, 22, 15, 9, 7, 6, 3. எச் 6. நோயெதிர்ப்பியலில் 30, 18, 12, 8, 5, 4. எச் 5. சேர்த்தால் 11 என்றுதான் நானும் எழுதப் போனேன். எல்லாவற்றையும் இறங்குவரிசையில் வைத்துப் பாருங்கள்: 40, 30, 22, 18, 15, 12, 9, 8, 7... எட்டாவது கட்டுரைக்கு 8 மேற்கோள், ஒன்பதாவதுக்கு 7 மட்டுமே. ஆகவே எச் 8. மொத்த மேற்கோள்களை மட்டும் கூட்டலாம்: 179.

எண்ணுக்குப் பக்கத்தில் தளத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் போடுங்கள். ஸ்காலர் ஆய்வேடுகளையும் முன்பதிப்புகளையும் (இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றும் வடிவங்கள்) எண்ணுவதால் அதில் பெரும்பாலும் கூடுதலாகவே வரும்.

பிற்சேர்க்கை: பயோஆர்க்சிவ் தளத்தில் ஏற்றிய முன்பதிப்பும் இதழில் வந்த வடிவமும் தனித்தனியாக நிற்கின்றனவே என்று நெய்வேலியிலிருந்து ஒரு தோழி கேட்டிருந்தார். ஸ்காலரில் மெர்ஜ் செய்யலாம். ஆர்கிட்டில் இரண்டும் தனிப் பதிவுகளாகவே இருக்கட்டும், இரண்டுக்கும் டிஓஐ வேறு.