மாவு மில் பல்வரைசர்: மெஷின் மேல பழி போடறதுக்கு முன்னாடி நம்ம பண்ற தப்பக் கொஞ்சம் பாருங்க

போன மாசம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போன் பண்ணான். புதுசா 5 எச்பி பல்வரைசர் (மாவு, மசாலா அரைக்கற மெஷின்) வாங்கி மில் போட்டு ரெண்டு மாசந்தான் ஆவுது. "அண்ணா, மெஷின் டுபாக்கூர்ணா, மொத மாசம் மிளகாத்தூள் சர்ருனு எறங்குச்சு, இப்ப ஒரு கிலோ அரைக்க கால் மணி நேரம் ஆவுது, தூளக் கையில எடுத்தா சுடுது, பெல்ட்டு தீயற வாசம் வேற, வித்தவன் போனே எடுக்க மாட்டேங்கறான்"னு ஒரே பொலம்பல். போய்ப் பாத்தா பீட்டர் (உள்ள சுத்திச் சுத்தி அடிக்கற இரும்புத் துண்டு) நல்லாருக்கு, பேரிங் நல்லாருக்கு, சல்லடை புதுசு. மேல கட்டிருக்கற துணிப்பையத் தொட்டுப் பாத்தேன், காஞ்ச தோலு மாதிரி வெறச்சுக் கெடக்குது. "ஏப்பா, இதத் தொவச்சு எத்தன நாளாச்சு?"ன்னேன். "அதையெல்லாம் தொவைக்கணுமாண்ணா?"ங்கறான்.

பத்துல எட்டுப் பேரு பண்ற தப்பு இதுதான்னு நான் சொல்லுவேன். பல்வரைசர்னா பீட்டர் அடிக்குது, சாமான் தூளாவுது, அவ்வளவுதான்னு நெனச்சுக்கறாங்க. அடிக்கறது பீட்டர்தான், இல்லைங்கல. ஆனா அடிபட்ட தூள சல்லடை ஓட்ட வழியா வெளிய இழுக்கறது காத்து, உள்ள உண்டாவுற சூட்ட வெளிய கொண்டு போறதும் அதே காத்து. அந்தக் காத்து கடைசியா வெளிய போற வழி இந்தத் துணிப்பை. பையில மாவு அப்பி துளையெல்லாம் அடச்சிருச்சுன்னா காத்து போக எடமில்ல, காத்து போலன்னா தூள் சல்லடையத் தாண்டாது, தாண்டாத தூள பீட்டர் திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருக்கும், அப்புறம் சுடாம என்ன பண்ணும். நாங்க தெனம் ராத்திரி கடை சாத்தறப்ப பைய வெளிய கொண்டு போய் குச்சியால தட்டிருவோம், வாரம் ஒருக்கா தொவச்சு வெயில்ல நல்லா காயப் போடறது. கொஞ்சம் ஈரத்தோட மாட்டிட்டா மாவு பசை மாதிரி ஒட்டிக்கும், அதுக்குத் தொவைக்காமலே விட்டிருக்கலாம். அதனால ரெண்டு பை வெச்சுக்கங்க. நைலான் துணி சீக்கிரம் காயுதுன்னு அதுல தெச்சுக்காதீங்க, காத்து சரியா விடாது, ஸ்டாட்டிக் கரண்டு வேற புடிக்கும். கெட்டியான காட்டன் துணிதான் சரி.

அடுத்தது ஈரம். மழைக்காலத்துல வர்ற சண்டையில பாதி இதுதான். ஒரு அக்கா ரெண்டு கிலோ மிளகா கொண்டு வந்தாங்க, "ரெண்டு நாள் மாடியில காயப் போட்டேன் தம்பி, மொறுமொறுன்னு இருக்கு"ன்னாங்க. ஒண்ண எடுத்து காதுகிட்ட வெச்சு ஆட்டுனேன், வெத சலசலன்னு சத்தம் வரவே இல்ல. ஒடச்சா ஒடையல, மடங்குது. நீட்டு மிளகாகூடப் பரவால்ல, குண்டு மிளகா வெளிய காஞ்ச மாதிரி தெரியும், காம்புக்குக் கீழ ஈரம் நிக்கும். "இன்னொரு வெயில் காட்டுங்க"ன்னா "போட்டுப் பாரு தம்பி, ஒண்ணும் ஆவாது"ன்னாங்க, நானும் கடையில கூட்டமில்லைன்னு போட்டேன். அர கிலோ போறதுக்குள்ள மோட்டார் சத்தம் அடங்கிப் போச்சு, கழட்டிப் பாத்தா சல்லடை பூராவும் சாந்து பூசுன மாதிரி செவப்பா அப்பிக் கெடக்குது. கம்பி பிரஷ் வெச்சுச் சொரண்டவே அர மணி நேரம், கண்ணு ரெண்டும் எரிஞ்சு தண்ணி கொட்டுது, கூலி வாங்கவும் வாய் வரல.

சில வீட்டுல மிளகாயோட கல்லுப்பு சேத்து அரைக்கச் சொல்லுவாங்க, வண்டு வராதுன்னு. உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், இரும்பு மெஷின்னா ஒரே ராத்திரியில துரு புடிச்சிரும். உப்ப வீட்டுல போய்க் கலந்துக்கச் சொல்லுங்க. எள்ளு, வேர்க்கடலை, கொப்பரை இதெல்லாம் பாதிக்குப் பாதி எண்ணெய், பல்வரைசர்ல போட்டா தூள் வராது, களிம்புதான் வரும். கிராம்பு, ஜாதிக்கா மாதிரி எண்ணெய் உள்ள மசாலா சாமானத் தனியா போடாம மல்லியோட கலந்து போட்டா மல்லி அந்த எண்ணெய இழுத்துக்கும், சல்லடை அடைக்காது. மஞ்சள முழு வெரலா அப்படியே ஹாப்பர்ல, அதான் சாமான் போடற வாயில, கொட்டறதும் தப்பு, கல்லு மாதிரி இருக்கும், ஒவ்வொண்ணும் பீட்டர்ல டங்கு டங்குனு விழறப்ப உள்சுவத்துல இருக்கற லைனர் தகடும் சேந்து அடி வாங்குது. மொதல்ல ஒடச்சுக்கிட்டு அப்புறம் தூள் பண்ணுங்க. டபுள் ஸ்டேஜ் மெஷின்ல மொத அறையே ஒடச்சுத் தந்துரும், ஆனா அதுக்கும் கையளவு கையளவாத்தான் விடணும்.

சல்லடை விஷயத்துல ஒரு நம்பிக்கை இருக்கு, 1 எம்எம் ஓட்ட போட்டா 1 எம்எம் தூள் வரும்னு. வராது, அதவிட நைசாத்தான் வரும். ஏன்னா தூள் சல்லடைக்கு நேராப் போய் விழறதில்ல, சுத்தற வேகத்துல பக்கவாட்டுல சரிஞ்சு போவுது, அதனால ஓட்ட அதுக்குச் சின்னதாத்தான் தெரியும். இது தெரியாம "இன்னும் நைசு வேணும்"னு எடுத்தவொடனே இருக்கறதுலயே சின்ன ஓட்டையப் போட்டு மெஷினத் திணற வெச்சிருவாங்க. பெரிய ஓட்டையில ஒரு தடவ விட்டுட்டு அப்புறம் சின்னதுல விடுங்க, நேரமும் மிச்சம், சூடும் கம்மி. சல்லடை தேஞ்சு ஓட்டையோட வெளிம்பு மழுங்கிட்டாலும் அரவை மந்தமாயிரும், கிழியட்டும் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, கிழிஞ்சா தகடு துணுக்கு மாவுல போவும், அது ஒரு கொழந்தைக்கு வெச்சிருக்கற ராகி மாவா இருந்தா யாரு பதில் சொல்றது.

இப்ப வேகம். இது கொஞ்சம் பயமான விஷயம், அதான் கணக்கோட சொல்றேன். மோட்டார் 1440 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தன சுத்து), அதுல 9 இஞ்ச் புல்லி, மெஷின்ல 3 இஞ்ச் புல்லின்னா பீட்டர் மாட்டிருக்கற ரோட்டர் 4320 சுத்துது. யாரோ ஒரு மெக்கானிக் "சின்ன புல்லி போட்டா இன்னும் நைசா, வேகமா வரும்"னு சொல்லி 2.5 இஞ்ச் போட்டு விட்டுருவாரு. வேகம் 5184, அதாவது 20 சதவீதம் கூட, என்ன பெருசான்னு தோணும். ஆனா பீட்டர வெளிய பிச்சுக்கிட்டுப் போவ இழுக்கற விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 44 சதவீதம் கூடிருச்சு. காத்து இழுக்கற பிளோயர் தின்ற கரண்டு இன்னும் மோசம், கிட்டத்தட்ட 1.7 மடங்கு. அந்த பீட்டரோட போல்ட்டும் பின்னும் இதுக்குன்னு செஞ்சதில்ல. ஒரு பீட்டர் கழண்டா உள்ள என்ன நடக்கும்னு நெனச்சுப் பாருங்க, மூடி வெயிட்டா இருந்தா தப்பிச்சீங்க. பிளேட்ல என்ன ஆர்பிஎம் போட்டிருக்கோ அதத் தாண்டாதீங்க, யாரு சொன்னாலும்.

பீட்டர் ஒரு பக்கம் தேஞ்சா திருப்பிப் போட்டு மறு பக்கத்த ஓட்டலாம், அது சிக்கனம். ஒண்ண மட்டும் புதுசா மாத்தறது சிக்கனம் இல்ல. எதிரெதிர் பீட்டர் ரெண்டும் ஒரே எட இருக்கணும், தராசுல வெச்சே பாத்துக்கங்க. எட மாறுனா மெஷின் ஆடும், ஆடுனா பேரிங் போவும். பேரிங் சூடாவுதுன்னு கிரீஸ அமுக்கி அமுக்கி அடச்சு வெக்கறதும் வேண்டாம், நெறைய கிரீஸ் இருந்தாலும் சூடாகும், மிச்சம் ஒழுகி மாவுலதான் போவும்.

ஆணி, நட்டு, கல்லு. எல்லா மில்லுலயும் ஹாப்பர்ல காந்தம் வைக்கச் சொல்லுவாங்க, வெச்சும் இருப்பாங்க, ஆனா அதத் தொடச்சு எத்தன நாளாச்சுன்னு கேளுங்க. ஏற்கனவே ஆணி ஒட்டி மாவு மூடிக் கெடக்கற காந்தம் புதுசா ஒண்ணயும் புடிக்காது. எங்க மில்லுல ஒரு தடவ எவர்சில்வர் நட்டு ஒண்ணு உள்ள போயி சல்லடையே ரெண்டா கிழிஞ்சிருச்சு, காந்தம் பளபளன்னு சுத்தமாத்தான் இருந்துச்சு. எவர்சில்வர்ல (எஸ்எஸ்) பல ரகத்த காந்தம் புடிக்காதுங்கறது அன்னைக்குத்தான் மண்டையில ஒறச்சுது. அதுக்கு மொறம்தான் மருந்து, பொடச்சுக் கொண்டாரச் சொல்லுங்க, இல்ல நீங்களே தட்டுல பரப்பி ஒரு பார்வ பாத்துருங்க. மெஷின் வாங்கறப்பவும் இதே காந்தத்த எடுத்துக்கிட்டுப் போய் "ஒட்டல, அப்ப 304தான்"னு காசக் குடுத்துட்டு வர்றாங்க. 304ங்கறது நல்ல ரக எவர்சில்வர், 202 மட்ட ரகம், ஆனா 202ம் ஒட்டாது சாமி. பில்லுல 304ன்னு எழுதி வாங்குங்க, முடிஞ்சா அங்கயே கெமிக்கல் சொட்டு விட்டு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க.

கரண்டு பக்கம் ரெண்டே விஷயம் சொல்லிடறேன். மூணு பேஸ்ல ஒண்ணு போயிட்டாலும் ஓடிக்கிட்டு இருக்கற மோட்டார் ஒடனே நிக்காது, உம்முனு முனகிக்கிட்டு மீதி ரெண்டு பேஸ்ல எக்கச்சக்கமா கரண்ட இழுத்து காயில் கருகிரும். தீவாளிக்கு நாலு நாள் முன்னாடி, வாசல்ல அதிரச மாவுக்கும் முறுக்கு மாவுக்கும் வரிசை நிக்கறப்ப எங்களுக்கு இப்படி ஆச்சு, காயில் கட்டற கடையில எங்களுக்கு முன்னாடி ஆறு மோட்டார். சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டர் போட்டிருந்தா அன்னைக்கு மெஷின் தானா நின்னுருக்கும். ஸ்டார்ட்டர் அடிக்கடி டிரிப் ஆவுதுன்னு கரண்டு கூடுனா நிறுத்தற ரிலேவோட அளவ ஏத்தி வைக்கறது அதவிட முட்டாத்தனம், 5 எச்பி மோட்டார் புல் லோடுல 7 ஆம்பியர், 7.5 ஆம்பியர்தான் எடுக்கணும், மேல போனா திணிக்கறீங்கன்னு அர்த்தம். ஒரு ஆம்பியர் மீட்டர் மாட்டி அதப் பாத்துக்கிட்டே சாமான விடுங்க. இன்னொண்ணு, ஈபிக்காரங்க டிரான்ஸ்பார்மர்ல வேல பாத்துட்டுப் போன அடுத்த நாள் மாவு சரியா எறங்கலன்னா மொதல்ல ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க. பேஸ் மாறிருந்தா தலகீழா சுத்தும், பிளோயர் அப்பவும் காத்து தள்ளும், ஆனா சோம்பலா தள்ளும், அதனால சட்டுனு தெரியாது. ரெண்டு வயர மாத்திப் போட்டாத் தீந்துச்சு.

சூட்டப் பத்தி. மல்லியோட வாசமும் சீரகத்தோட வாசமும் ஆவியாப் போற எண்ணெயில இருக்கு, மெஷின் சூடானா அது மில்லுலயே பறந்துரும், தெரு பூரா மணக்கும், கொழம்புல மணக்காது. பெரிய மசாலா ஆலையில இதுக்காகவே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் விட்டு அரைக்கறவங்க இருக்காங்க. நமக்கு அதெல்லாம் கட்டுப்படி ஆவாது, காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி மசாலா சாமான முடிச்சிருங்க, பத்து கிலோவுக்கு ஒருக்கா மெஷினச் சும்மா ஓட விடுங்க. வர்றவங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க, சூட்டோட தூக்குல போட்டு மூடிட்டா உள்ள வேர்த்து கட்டி கட்டியாயி பூசணம் புடிக்கும், அப்புறம் "மில்லுல என்னமோ கலந்துட்டான்"னு பேரு நமக்குத்தான் வரும்.

மாவு வெடிக்கும்னா சிரிக்கறாங்க. 1878 மே 2ல அமெரிக்காவுல மினியாபொலிஸ்ங்கற ஊருல வாஷ்பர்ன் ஏ மில்லுன்னு ஒரு பெரிய மாவு ஆல வெடிச்சு 18 பேரு செத்தாங்க, வெடிமருந்து இல்ல, காத்துல பறந்த மாவுதான். மூட்டையில இருக்கற மாவு சும்மா கெடக்கும், அதே மாவு மூடுன அறையில பொகையா பறக்கறப்ப ஒரு பொறி பட்டாப் போதும். நம்ம தெரு மில்லு அவ்வளவு பெருசு இல்ல, ஆனா ஜன்னலச் சாத்திக்கிட்டு, டியூப் லைட் மேலயும் சுவிட்ச் போர்டு மேலயும் ஒரு வெரக்கட மாவ சேத்து வெச்சுக்கிட்டு, உள்ளயே பீடி பத்த வைக்கற மில்ல நான் பாத்திருக்கேன். மேல படிஞ்சத கம்ப்ரசர் காத்துல ஊதி விடாதீங்க, அப்பத்தான் நெசமாவே பொகை கெளம்பும். மெயின அணைச்சுட்டுத் துணியில தொடச்சு எடுங்க, சுவிட்ச் போர்டுக்கும் லைட்டுக்கும் காஞ்ச துணிதான்.

கைய ஹாப்பருக்குள்ள விடக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஸ்விட்ச அணைச்ச ஒடனே மூடியத் தொறக்கறவங்கதான் ஜாஸ்தி மாட்டறாங்க, ரோட்டர் சத்தமில்லாம இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும். பெல்ட்டுக்குக் கூண்டு இல்லாம ஓட்டாதீங்க, சேல முந்தான, துண்டு, லுங்கி எதுவா இருந்தாலும் அது பாத்துக்கிட்டு இருக்காது.

கடைசியா, எந்த சாமானுக்கு அப்புறம் எந்த சாமான்ங்கறது. முடிஞ்சா மிளகா மெஷின் தனி, மாவு மெஷின் தனி. ஒண்ணுதான் இருக்குன்னா மொதல்ல அரிசி, ராகி, அப்புறம் மல்லி, மிளகா, மஞ்சள், முடிச்சிட்டு பைய மாத்தி, ரெண்டு கை குருணையப் போட்டு ஓட்டி அதக் கொட்டிருங்க. சீயக்காய மட்டும் எந்த மெஷின்லயும் சாப்பாட்டு சாமானோட சேக்காதீங்க. நாங்க புதுசுல ஒரு தடவ, "கால் கிலோதானே தம்பி, ஓரமாப் போட்டு எடுத்துக் குடு"ன்னு ஒரு பாட்டி கெஞ்சுனதுக்குப் போட்டுக் குடுத்தோம். ஓரமாவாம்! மறுநாள் மொத ஆளா முறுக்கு மாவு அரச்சுக்கிட்டுப் போன வீட்டுல எண்ணெய்ச் சட்டி நொர நொரயாப் பொங்கி, முறுக்கு கசந்து, பக்கத்து வீட்டுக்காரங்க வரைக்கும் பஞ்சாயத்து. அந்தத் தெரு வழியா போறப்ப இன்னைக்கும் நான் வண்டிய கொஞ்சம் வேகமாத்தான் ஓட்டறது.